புல்மேட்டுச் சலூன்

இயக்குநர் கடைக்குள் நுழைந்தபோது அவன் ஒரு கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் குந்தியிருந்த தாய், துணியோடு சேர்த்து அதன் தலையைப் பிடித்திருந்தாள். “கையை இன்னும் கொஞ்சம் கீழ விடுங்கம்மா. தாடை... தாடை தெரியணும்” என்று அவன் மறுபடி மறுபடி சொன்னான். இருபது வருஷமாக வருகிறவர் எல்லோரிடமும் இதையே சொல்லிச் சொல்லி, ஊரில் அவனுக்குப் பெயரே தாடை என்று ஆகிவிட்டிருந்தது.

இயக்குநர் மூன்றாவது ஆளாக பெஞ்சில் பொறுமையாகக் காத்திருந்தார். காலணி விளிம்பில் சேறு காய்ந்திருந்தது. முறை வந்ததும் ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

“எனக்குப் படம் வேண்டாங்க. எங்க இடத்துக்குத்தான் வேணும்.”

அவர் சொன்ன இடம் புல்மேடு. ஊரிலிருந்து அரை மணி நேர வழி. பரந்த புல்வெளி, முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஒரு கருங்கல் பாறை. யாரும் உழக்கூடாது, கட்டடம் எழுப்பக்கூடாது, மாடு மேய்க்கக்கூடாது என்று சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்த நிலம். அதைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு அவர்தான் இயக்குநர். நடந்து பார்க்க யாருக்கும் தடையில்லை. ஆனால் யாரும் வருவதில்லை.

“போன வருஷம் வந்தவங்க மொத்தம் நாப்பத்தோரு பேர். அதுல பதினொண்ணு என் மாமனார் வீட்டு ஆளுங்க.”

அவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

“மேட்டோட மேற்குப் பாதியை வெட்டி ரோடு போடணும்னு ஒரு திட்டம் இருக்கு. இன்னும் அஞ்சு மாசத்துல பொது விசாரணை. யாருமே போகாத இடத்துக்காக யாரு வந்து வாயைத் திறப்பா, சொல்லுங்க? சூரியன் மறையற மாதிரி போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல ஒட்டினோம். அதுக்குக் கீழயே நின்னுக்கிட்டு பஸ் எப்ப வரும்னு கேக்கறாங்க. நீங்க வேற மாதிரி ஏதாவது யோசிங்க. மனுஷங்க அங்க வரணும், ரசிக்கணும், அவ்வளவுதான்.”

இருபது வருஷமாக வெள்ளைத் துணியையும் காதுகளையும் பார்த்துச் சலித்திருந்தவனுக்கு அன்றைக்கு மதியம் சோறே இறங்கவில்லை. மாடியில் குடியிருந்த அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. கல்யாணப் படம் ஆயிரம் எடுத்தவனுக்குத் தன் கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. “என்னடா, தட்டுல கோலம் போடறே?” என்று அக்கா கேட்டாள். சொன்னான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அத்தான், “புல்லைப் படம் எடுக்கப் போறியா? புல்லு தாடையைக் காட்டுமா?” என்று சொல்லி, தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அவனைப் புல்மேட்டுக்குள் அழைத்துப் போனவள் அங்கே காவல் பார்க்கும் பெண். பத்து வருஷமாக அந்த வேலையில் இருக்கிறாள். கழுத்தில் ஒரு பழைய தொலைநோக்கி, சட்டைப் பையில் பறவைகளை எண்ணிக் குறித்து வைக்கும் நோட்டு.

“அண்ணே, நான் கால் வைக்கிற எடத்துலயே கால் வைங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பத்தடி போவதற்குள் ஒரு பறவை கத்திக்கொண்டு எழும்பித் தலைக்கு மேல் வட்டமடித்தது.

“ஆட்காட்டி. ஆள் வந்திருச்சு ஆள் வந்திருச்சுன்னு ஊருக்கே சொல்லும். கூடு எங்க இருக்குன்னு மட்டும் வாயைத் திறக்காது.” அவள் நின்று தரையைக் காட்டினாள். “பாருங்க.”

அவன் பார்த்தான். கூழாங்கல்லும் காய்ந்த புல்லும்தான் தெரிந்தன. அவள் விரலைத் தாழ்த்திக் காட்டிய பிறகுதான், கற்களுக்கு நடுவே நான்கு கற்கள் முட்டைகளாக மாறின. கூர்முனைகள் உள்பக்கம் பார்க்க, ஒரு சின்னக் குழியில் கிடந்தன. அவன் கால் அதற்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. மெல்லக் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

“இந்த வருஷம் பதினெட்டுக் கூடு” என்றாள். தன் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்வது போல இருந்தது.

மூன்று திங்கட்கிழமைகள் அலைந்து எடுத்த படங்களை அக்காவிடம் காட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குடா. ஆனா ஆளே இல்லையே. கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிப் போன மண்டபம் மாதிரி இருக்கு” என்றாள்.

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால்தான் தைத்தது.

அந்த வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனான். சலூன்காரர் முப்பது வருஷமாக அதே தெருவில் கடை வைத்திருப்பவர். சுவரில் ஏதோ பனிமலைக் காலண்டர். கழுத்தில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்த அவனுக்குக் கண்ணாடிக்குள் அந்தப் பனிமலை தெரிந்தது.

“புல்மேட்டுக்குப் போயிருக்கீங்களா?”

“எங்க நேரம்? ஞாயித்துக்கிழமைதான் கூட்டமே.”

“கடையோட போனா?”

கத்தரிக்கோல் நின்றது. “அங்க யாருக்குய்யா வெட்டறது? கொக்குக்கா?”

அப்படித்தான் தொடங்கியது. ஊர்க்காரர்களை அவரவர் வேலையோடு, அவரவர் சாமான்களோடு புல்மேட்டில் உட்காரவைத்துப் படம் எடுப்பது என்று முடிவு செய்தான். இயக்குநர் கேட்டதும் கையைத் தட்டினார். காவல்காரி மட்டும் முகம் கொடுக்கவில்லை.

“நாற்காலியைத் தூக்கிட்டு மேட்டுல நடக்கறதா அண்ணே?”

“ஏழு படம்தாம்மா. நீ சொல்ற எடத்துல மட்டும்.”

அவள் இரண்டு நாள் யோசித்து, கரையில் இருந்த பாறையைக் காட்டினாள். அதைச் சுற்றித் தரை கெட்டி. “இந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு அடிகூடக் கூடாது. பன்னண்டாவது எட்டுல கூடு இருக்கு. உங்களை நம்பித்தான் விடறேன்.”

சுழல் நாற்காலியை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். தையற்காரர் தன் மிஷினோடு வந்தார். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா தன் ஜன்னல் சட்டத்தைக் கழற்றி எடுத்து வந்தார். நர்ஸ் சீருடையில் வந்து, தரையில் கட்டில் போட்டு, தன் மாமியாரையே நோயாளியாகப் படுக்க வைத்து நாடி பிடித்தார். ஆனால் எல்லாவற்றிலும் உயர்ந்தது சலூன் படம்தான். ஏரியைப் பார்த்தபடி நாற்காலி. அதில் வெள்ளைத் துணி போர்த்திய அத்தான். பின்னால் கத்தரிக்கோலை உயர்த்தியபடி சலூன்காரர். பாறைமேல் சாய்த்து வைத்த கண்ணாடிக்குள் ஒரு பாதி அத்தானின் முகம், மறு பாதி வானம். அவன் பொத்தானை அழுத்திய நொடியில் ஆட்காட்டி ஒன்று அந்த வானத்துக்குள் பறந்து வந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் கிடைத்திருக்காது.

பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரிக் கூடத்திலும் ஆளுயரத்துக்குப் படங்கள் தொங்கின. பஸ் எப்போது வரும் என்று கேட்டவர்கள், “இது எங்கய்யா இருக்கு?” என்று கேட்டார்கள். முதல் ஞாயிறு எழுபது பேர். அடுத்த ஞாயிறு இருநூறு.

அந்த முதல் நாட்களை நினைத்தால் அவனுக்கு இன்றும் நெஞ்சு நிறையும். அதையும் சொல்லத்தான் வேண்டும். டிக்கெட் குமாஸ்தாவின் மனைவி, பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டு வருஷமாக வாசற்படி தாண்டாதவள். கணவர் படத்தில் இருக்கிறார் என்பதற்காக வந்தாள். பாறையருகே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “காத்து நல்லா இருக்குங்க” என்றாள். குமாஸ்தா அதைக் கடைக்கு வந்து அவனிடம் சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

ஆறாவது வாரம் நிலைமை மாறத் தொடங்கியது. வந்தவர்கள் சாமான்களோடு வந்தார்கள். யாரோ சோபாவைத் தூக்கி வந்தார்கள். ஒரு புதுமணத் தம்பதி அலமாரியோடு வந்து, அதன் கதவைத் திறந்து, உள்ளே ஏரி தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்களில் இருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. பாறைக்குக் கூட்டம் அதிகமானதால், காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் பாறையைத் தாண்டிப் போனார்கள். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நின்ற வேனை எடுத்து, ‘புல்மேட்டுச் சலூன் பயணம்’ என்று அட்டை எழுதி மாட்டினார். படத்தில் இருந்தவரே ஓட்டுகிறார் என்று அந்த வேனுக்குத்தான் கிராக்கி.

ஒரு செவ்வாய்க்கிழமை காவல்காரி போன் செய்தாள். “அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

போனான். பாறைக்கு அப்பால் புல் படுத்து, நடுவே மண் தெரிந்தது. அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடக்க இப்போது தேவையே இருக்கவில்லை. எல்லா இடத்திலும் கால் பட்டிருந்தது. பன்னிரண்டாவது எட்டில் அவள் நின்றாள். மஞ்சள் காய்ந்து தரையோடு ஒட்டியிருந்தது. இரண்டு ஓட்டுத் துண்டுகள், எறும்புகள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு குழியில் நான்கு முட்டைகளும் முழுசாகவே இருந்தன. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சில்லென்று இருந்தன.

“தாய் வந்து உட்கார விடலை. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கத்திக்கிட்டே பறந்துச்சு. கத்தறதை வீடியோ எடுத்தாங்க. நேத்திலேர்ந்து அதையும் காணோம்.”

“எத்தனை போச்சு?”

“பதினாலு.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. “யாரும் கெட்டவங்க இல்ல அண்ணே. கல்லுன்னு நினைச்சு மிதிக்கிறாங்க. சொன்னா ஐயோன்னு பதறிப் போறாங்க. அவங்க போனதும் அடுத்த ஐம்பது பேரு வர்றாங்க. நான் ஒருத்தி.” அவள் குரல் கட்டியிருந்தது. கத்திக் கத்திக் கட்டியிருந்த குரல்.

நேராக இயக்குநரிடம் போனான். “படத்தையெல்லாம் இறக்கிடுங்க சார். கொஞ்ச நாளைக்கு மூடுங்க.”

இயக்குநருக்கும் தெரிந்திருந்தது. மேசையில் காவல்காரியின் அறிக்கை கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“விசாரணைக்கு இன்னும் ஏழு வாரம். ரோடு வேண்டாம்னு ஆறாயிரம் பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இப்ப மூடினா, பாத்தீங்களா, ஜனங்களுக்குப் பயன்படாத நிலம்னு ரோட்டுக்காரங்க எழுதிக்குவாங்க. ஆள் வந்தா நசுங்குது. ஆள் வரலைன்னா தார் போடறாங்க. நான் எதைத்தான் செய்யட்டும்?”

“கயிறாவது கட்டுங்க.”

“கட்டறேன். கேட்டிருக்கேன். வரணும்.”

கயிறு வரவில்லை. அவனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏணி வைத்து ஏறிச் சலூன் படத்தை இறக்கினான். மூன்று நாளில் அதே இடத்தில் அதே படம் இன்னும் பெரிதாகத் தொங்கியது. அங்கே கடை வைத்திருந்தவர்கள், வியாபாரம் குறையக்கூடாது என்று ஒன்று சேர்ந்து, யார் போனிலிருந்தோ எடுத்து அச்சடித்திருந்தார்கள். ஆட்காட்டியின் பாதிச் சிறகு ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. படத்தால் வந்ததைப் படத்தாலேயே நிறுத்தலாம் என்று நினைத்தான். நசுங்கிய முட்டையை மிக அருகில் வைத்து, ஓட்டின் புள்ளிகளும் காய்ந்த மஞ்சளும் பக்கத்தில் பதிந்த காலணித் தடமும் தெரிய எடுத்தான். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்று நம்பினான். அவன் வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே அதுதான் மேலானது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் மாட்டினான். ஜனங்கள் அதன் முன் நின்றார்கள். சிலர் கண் கலங்கினார்கள். “பாவம்” என்றார்கள்.

அந்த ஞாயிறு போன வாரத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். “அந்த முட்டை எங்க இருக்கு?” என்று காவல்காரியிடம் வரிசையாகக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள்.

மறு ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு அவனே போய்ப் பாறைக்கு அப்பால் கையை விரித்துக்கொண்டு நின்றான். “இதுக்கு மேல வேண்டாங்க. கூடு இருக்கு. திரும்பிடுங்க.” சிலர் திரும்பினார்கள். சிலர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர், “தம்பி, கொஞ்சம் நகருங்க, படத்துல விழறீங்க” என்றார். பிறகு உற்றுப் பார்த்து, “அட, நீங்கதானே அந்தச் சலூன் படம் எடுத்தவரு! எங்களையும் ஒண்ணு எடுங்களேன், உங்க கையால!” என்று பேரனைக் கூப்பிட்டார். நான்கைந்து குடும்பங்கள் ஓடி வந்தன. ஆள் நின்ற இடத்தில் கூட்டம் நின்றது. கூட்டம் நின்ற இடத்தில் புல் போனது. தான் காவல் நிற்பதே வினையாகிறது என்று புரிந்து அவன் கையை மடக்கிக்கொண்டு விலகினான்.

அப்போதுதான் அத்தானின் வேன் வந்தது. அக்காவும் இறங்கினாள். கூடவே அவர்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள்.

“அக்கா, இவங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“என்னடா ஆச்சு உனக்கு?”

அவன் சொன்னான். கூடு, முட்டை, பதினான்கு, எல்லாம் கோர்வையில்லாமல் சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் ஏரியைப் பார்த்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இதுங்களைப் பாருடா. வருஷம் பூரா அடுப்படியும் மருந்துக்கடையுமா கெடந்ததுங்க. வாங்க வாங்கன்னு ஊரைக் கூப்பிட்டது யாரு? நீதானே? இப்ப வந்த பிறகு வாசல்லயே நிறுத்தினா எப்படிடா?”

அவன், “பாறை வரைக்கும் போங்க. அதுக்கு மேல வேண்டாம்” என்று மட்டும் சொன்னான். அவர்கள் ஒழுங்காகப் பாறையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. அத்தான் அவன் பக்கம் திரும்பாமல் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்தது. ஒன்பதாயிரம் கையெழுத்து. டிக்கெட் குமாஸ்தாவின் மனைவி எழுந்து நின்று நான்கு வார்த்தை பேசினாள். ரோடு வேறு வழியாகப் போகும் என்று தீர்ப்பானது. இயக்குநர் அவனைக் கட்டிக்கொண்டு, “உங்க படம்தான் காப்பாத்துச்சு” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. பொய் இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. அதனால்தான் அவனால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

மறு வாரம் கயிறு வந்தது. பாறையையும் கரையையும் வளைத்துக் கட்டினார்கள். மூன்று வருஷத்துக்கு யாரும் உள்ளே போகக்கூடாது என்று பலகை வைத்தார்கள். கூட்டம் மெல்லக் குறைந்தது. நிற்கவில்லை.

அடுத்த வருஷம் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் திங்கட்கிழமைதோறும் அவன் காவல்காரியோடு பாறைக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கேமரா இல்லை. புல் அங்கங்கே முளைத்திருந்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. ஏரிமேல் ஒரு சத்தமும் இல்லை. அவள் நோட்டில் தேதியைப் போட்டு, அதற்கு நேரே சுழியைப் போட்டாள். “வேற எங்கயாவது போயிருக்குமாம்மா?” என்று கேட்டான். “போயிருக்கலாம். வேற எடம் எதுன்னு எனக்குத் தெரியலை அண்ணே. இருபது மைலுக்கு உழாத நிலம் கிடையாது.”

நான்காவது திங்கட்கிழமை ஒரு ஜோடி வந்தது. அவள் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பறவைகள் இரண்டு முறை வட்டமடித்து, கயிற்றுக்குள்ளே, பாறைக்குச் சற்று அப்பால் இறங்கின. ஒன்று நெஞ்சைத் தரையில் அழுத்தி மெதுவாகச் சுற்றியது. குழி பறிக்கிறது என்று அவள் கிசுகிசுத்தாள். இருவரும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது பாறை இருந்த கரையின் பாதையில் ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு பெண் பிள்ளைகள். பலகையை நின்று படித்தார்கள். தகப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கயிற்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்தான். பிள்ளைகள் குனிந்து உள்ளே நுழைந்தார்கள்.

சுற்றிக்கொண்டு ஓடினால் கால் மணி நேரம் ஆகும். அவன் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினான். “போகாதீங்க! ஏய், போகாதீங்க!” காவல்காரியும் எழுந்து கத்தினாள். காற்று அவர்கள் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. சின்னப் பெண் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் யாரோ இரண்டு பேர் கையாட்டுவதைக் கண்டு, சந்தோஷமாகத் தானும் கையை ஆட்டினாள். மூத்தவளும் ஆட்டினாள். தாய் தகப்பன் எல்லோரும் நின்று ஆட்டினார்கள்.

பறவைகள் கத்திக்கொண்டு எழும்பின. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு வடக்கே போயின.

அவன் கை இன்னும் மேலேயே இருந்தது. அவள் நோட்டைப் பிரித்து, பறவைகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதினாள். பிறகு இருவரும் அந்தக் குடும்பத்தை வெளியே அழைத்து வருவதற்காக ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள்.